பிரபு சட்டை தேய்க்கும் காட்சி

எங்கள் அண்ணன் சலவை ஆலையில் இஸ்திரி போடுகிறவன், சரியான சிடுமூஞ்சி. பழைய சிரிப்பு இசைநாடகங்களை இந்தக் காலத்து உடையில் கலகலப்பாக ஆடிப் படமெடுத்ததைப் பார்த்தால் மட்டும் அவன் முகம் கொஞ்சம் இளகும். அண்ணி அதே ஆலையில் துணி மடித்தாள். விடுமுறை நாளில் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த படத்தில் கதையில் வரும் அரண்மனையையே சலவைக் கடையாக மாற்றியிருந்தார்கள். அரண்மனைக்குச் சொந்தக்காரரான பிரபு வேஷம் மாறி வந்து, பாடிக்கொண்டே சட்டை தேய்ப்பார். காலரை விட்டுவிட்டு முதுகில் ஆரம்பிப்பார். தொழில் தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான்.

"ஐயோ, காலரு!" என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அடுத்து பிரபு பேசும் வசனம் அதில் அமுங்கிப்போகும். திரும்பப் போட்டாலும் மறுபடி சிரிப்பாள்.

"வாயைக் கொஞ்சம் மூடேன்டி. அந்தாளு என்ன சொல்றான்னு ஒரு தடவையாவது கேக்க விடு!" என்று அண்ணன் எரிந்துவிழுவான்.

அண்ணி செத்த பிறகு முதல்முறையாக அந்தப் படத்தைப் போட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். பிரபு சட்டையின் முதுகைத் தேய்த்தார். வசனம் தெளிவாகக் கேட்டது: "யாரங்கே, தண்ணீர் கொண்டு வா."

"இவ்வளவுதானா?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

அவன் காட்சியைத் திரும்பப் போட்டான். பிரபு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததும், வசனம் வருமுன்பே டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டான்.