வேலியில் விட்ட வழி

நினைவு மலர் என்றால் ‘அவர்’ என்று எழுத வேண்டுமாம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ‘அவன்’ என்றே எழுதுகிறேன். அச்சுக்காரர் என் எழுத்துப் பிழையைத் திருத்தட்டும், சொல்லைத் திருத்த வேண்டாம்.

நாங்கள் பிறந்தது ஆரல்வாய்மொழியில். எதிர்க்காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளும் ஊர். அதில் நடந்து பழகிய கால் அவனுக்கு. பூதப்பாண்டிப் பக்கம் வயல் வாங்கி என்னையும் கூட்டிக்கொண்டு குடிவந்த பிறகும், விடியும் முன் எழுந்து வாய்க்கால் ஓரத்துச் சானல்கரை வழியாக வயலுக்கு நடப்பான். திரும்பி வந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சே வரும். சம்சாரம் செத்த துக்கத்தையும் அப்படி நடந்துதான் ஆற்றினான்.

கொரோனா வந்தது. ஊரை அடைத்தார்கள். அவன் மகன் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். அப்பாவுக்கு நோய் வந்துவிடும் என்ற பயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தம்பி சோற்றைத் தொடவில்லை, குளிக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

“அக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்கு. எதுக்குன்னு தெரியல்ல” என்றான்.

பிறகு அவனே முற்றத்துப் பலாவைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை மருமகள் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலபேர் பார்த்துச் சிரித்தீர்கள். “மாமா, எத்தன படி எண்ணெ ஆட்டியாச்சு?” என்று துபாயில் இருந்து ஒருவன் பேசி அனுப்பினான். செக்குமாடு என்று சொல்லாமல் சொன்னது. தம்பி அதைக் காதால் கேட்டான். அன்றோடு நடையை நிறுத்தினான். மறுபடி சுவர். புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டீர்கள். எப்படி இருக்கிறாய் என்று அவனிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவள் பின்வீட்டு எஸ்தர். ஒரு முழ மண்ணுக்காக எங்கள் வீட்டோடு வெகுகாலமாய்ப் பேச்சில்லாதவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணாச்சியை ஏன் வெளியே காணோம் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். மறுநாள் வெட்டுக்கத்தியோடு வந்து, ஆள் நுழையும் அளவுக்கு வேலியைத் தன் கையாலேயே வெட்டித் தள்ளினாள். அவள் தென்னந்தோப்பு சானல்கரை வரை நீளும்.

“அண்ணாச்சி, இதுவழியா வந்து நடங்க. சண்டைய பொறவு வச்சுக்கிடலாம்.”

தம்பி சிரித்தான். முதலில் என் தோளைப் பிடித்து நடந்தான், பிறகு தனியே. சோறு கேட்டு வாங்கித் தின்றான். ஊர் திறந்த பிறகும் அந்த வழியை அவன் விடவில்லை. சாகும் அன்று காலையிலும் அதில் போய்வந்து, கஞ்சி குடித்துப் படுத்தவன்தான்.

இப்போது அவன் மகன் அந்த வழியை அடைத்து மதில் கட்டக் கல் இறக்கிப் போட்டிருக்கிறான். எல்லை தெளிவாக இருக்க வேண்டுமாம்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்கச் சொன்னார்கள். எஸ்தருக்கு நன்றி. வேறு பெயர் இல்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நினைவுநாள் பந்தலில் என்னைத் தேடிப் பாருங்கள். நான் இருந்தால் வேலியில் வழி இருக்கிறது. இல்லை என்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் தோப்பில் நடந்துகொண்டிருக்கிறேன்.