கையெழுத்து கேட்டுப் போன உறைகள்

என் மகளின் மேசையில் இப்போது ஏழு அட்டைகள் இருக்கின்றன. கிரிக்கெட் ஆடும் பெண்களின் புகைப்பட அட்டைகள். ஒவ்வொன்றிலும் தடித்த மார்க்கர் பேனாவால் ஒரு கோணல் கையெழுத்து. எல்லாம் தபாலில் வந்தவை. அனுப்பியவை பத்தொன்பது. மீதியைப் பற்றிக் கேட்டால், "வந்துகினு இருக்குதும்மா" என்பாள்.

போன மழைக்காலத்தில் போளூரிலிருந்து மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு ஸ்கூட்டரில் ஏறும்போது, ஒரு வளைவில் லாரிக்கு ஒதுங்கியதில் சக்கரம் சரளையில் வழுக்கியது. ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த மருத்துவர் சைக்கிளே ஓட்டலாம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து, சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பள்ளிக்கு வந்தாள், என்னோடு திரும்பினாள். அதே பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தது அவளுடைய துரதிர்ஷ்டம். லாரி ஹாரன் கேட்டால் இன்னமும் சாலையோரம் ஒதுங்கி நின்றுவிடுகிறேன்.

கட்டிலில் கிடந்த நாட்களில்தான் அவள் இந்த வேலையைக் கண்டுபிடித்தாள். வீராங்கனையின் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சடிக்க வேண்டும். ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய இன்னொரு உறையை மடித்து உள்ளே வைக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு அதில் திருப்பி அனுப்புவார். எழுதுவது அவள், மடிப்பதும் ஒட்டுவதும் தபால்பெட்டியில் போடுவதும் நான்.

முதல் கடிதம் போட்ட நாலாம் நாளே பதில் உறை வந்துவிட்டது. அவள் கையால் எங்கள் முகவரி எழுதிய அதே உறை. கட்டிலில் எம்பி உட்கார்ந்து பிரித்தாள். உள்ளே அவள் எழுதிய கடிதம், கையெழுத்தில்லாத படம். நான் எல்லாவற்றையும் பதில் உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறேன். வீராங்கனையின் முகவரி எழுதிய உறை என் பாடக்குறிப்பேட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

அதைக் கொண்டுவந்த போஸ்ட்மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் சின்ன தபால் நிலையத்தில் எல்லா வேலையும் அவர்தான்.

"இன்னா டீச்சர், உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கறீங்களா? எங்கிட்ட சொல்லியிருந்தா பைல போடாமலே குடுத்திருப்பேனே."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கிட்டதான கையெழுத்து கேட்டுகிறே? குடும்மா பேனாவ." அந்தப் படத்தில் தன் கையெழுத்தையே போட்டாள். ஏழில் ஒன்று அதுதான்.

ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு எழுதிய கடிதத்தை மட்டும் அவள் எனக்குக் காட்டவில்லை. பதில் வந்தபோதுதான் என்ன கேட்டிருந்தாள் என்று புரிந்தது. கையெழுத்துக்குக் கீழே அந்தப் பெண் தமிழிலேயே எழுதியிருந்தார்: "நானும் வண்டியிலிருந்து விழுந்திருக்கேன். மூணு தடவை. அம்மாகிட்ட ரெண்டுதான் சொன்னேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ எத்தினி தடவ?" என்றேன்.

"ஒரு தடவதாம்மா. அதுவும் நீ ஓட்டுனதுல."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் அட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு தேங்க்ஸ் லெட்டர் எழுதிகிறேன். நானே போய்ப் போட்டுட்டு வர்றேம்மா. சைக்கிள்ல."

தபால் நிலையத்துக்கு ஒரு சரிவு, ஒரு மேடு, அவ்வளவுதான். சரிவில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னேன். லாரி வந்தால் இறங்கி நிற்கச் சொன்னேன். புளியமரத்து ஓரம் ஈரமாக இருக்கும் என்றேன். சாவிக்காகக் கை நீட்டியபடி எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாள். கொடுத்தேன்.

சாமை வயலைத் தாண்டும்வரை அவள் சட்டையின் மஞ்சள் நிறம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து ஃபோன் அடித்தது. போஸ்ட்மாஸ்டர்.

"டீச்சர், பொண்ணு வந்து சேந்துட்ச்சு. எப்படியும் நீங்க ஃபோன் பண்ணுவீங்க, அதான் நானே பண்ட்டேன். உறைய ரெண்டு தடவ பிரிச்சுப் பாத்துட்டுதான் ஒட்டுது, கெட்டிக்காரி. நீங்க வூட்லதானே இருக்கீங்க?"

"வூட்லதான்" என்றேன். அப்போது நான் பாதிச் சரிவில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பார்ப்பதற்குள் திரும்பி வேகமாக நடந்தேன்.