கியருக்குப் பக்கத்து சீட்

என் மனைவியின் முதல் கணவர் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அவர்களுடைய மகள் ஐந்து வருடமாக என்னையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். சட்டப்படி அவளைத் தத்தெடுக்க அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதை வாங்க அவருடைய ஜீப்பிலேயே ஏறினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

ஆள் நிறைந்தால்தான் ஜீப் கிளம்பும். முன்னால் மட்டும் நான்கு பேர். என் முழங்கால்களுக்கு நடுவே கியர், பாதத்தின் மேல் புளி மூட்டை. அந்த நிலையில் படிவத்தை நீட்டினேன்.

"ஸ்கூல்ல கேக்குறாங்க. ஒரு கையெழுத்து போதுங்க."

"எழுத்து பொடிசா கீது" என்று பின்னாலிருந்த நர்ஸிடம் கொடுத்தார். "சத்தமா படிம்மா."

படித்தாள். "குழந்தையின் மீதான என் உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்."

இறங்கி ஓடலாமென்றால், எனக்கு முன் இரண்டு பேர் இறங்க வேண்டும். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே பாப்பாவ பாக்க வரக்கூடாதா சார்?"

"பாக்கணும்னு சட்டப்படி கேக்க முடியாதுங்க" என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அது.

நர்ஸிடமிருந்து படிவத்தை வாங்கி, அவரே மடித்து என் சட்டைப்பையில் செருகினார். "அவள கூட்டினு வாங்க. அவகிட்டயும் கேப்போம்."

மலை உச்சி வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும், "கால நகத்துங்க சார்" என்றார்.

படிவம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை மலையேறுகிறோம். முன் சீட்டில் மகள், பின்னால் மூட்டைகளோடு நான்.

"வசதியா கீதா சார்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்.

மூச்சு முட்டும். "வசதிதாங்க" என்பேன். பொய்யில்லை.