என்னை மட்டும் ஏன் திட்டவில்லை

மேலதிகாரி கெட்ட வார்த்தையில் திட்டினால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்காரன் இரண்டு பெட்டியோடு ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கும்போது கூடக் கொண்டுவரக்கூடாத நம்பிக்கை அது. கொண்டுவந்துவிட்டேன், கஸ்டம்ஸிலும் பிடிக்கவில்லை. ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலைத் தேநீர் வேளைக்குள் நான் மனத்தளவில் ஊர் திரும்பியாகிவிட்டது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தவர்கள் கண்ணில் படாமல் எந்தச் சந்து வழியாக வீட்டுக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மெல்போர்னுக்கு வடக்கே, பழத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய ஊர். பீச் பழத்தையும் பேரிக்காயையும் வெட்டி டின்னில் அடைக்கிற ஃபேக்டரி. மெஷின்களுக்கெல்லாம் பொறுப்பாளர் கெவின் என்பவர். என்னைக் கண்டதும் முதுகில் ஓர் அறை வைத்து, "ஒருவழியாக வந்து சேர்ந்தாயா, ப்ளடி பாஸ்டர்ட்" என்றார். அகராதிப்படி அந்தக் கடைசிச் சொல்லுக்கு அப்பன் பெயர் தெரியாதவன் என்று பொருள். விசா விண்ணப்பத்தில் நைனா பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேனே, இவர் படித்துப் பார்க்கவில்லையா என்று திகைத்து நின்றேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்ட காலத்தில் சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் முளைத்தன. வெளிநாட்டு மெஷின்கள் வந்தன. நகரிப் பக்கத்து விவசாயி மகனான நான் அந்த மெஷின்களோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தி, அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இந்த வேலையைப் பிடித்தேன். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் கெவின் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். நானும் மனைவி கோமளாவும் மகளும் இங்கேயே இருக்கலாம். போடாவிட்டால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டியதுதான். இப்படிப்பட்ட கையெழுத்தை வைத்திருக்கிறவர் தினமும் காலையில் என் பிறப்பைச் சந்தேகித்தால் எப்படிச் சோறு இறங்கும்?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே போய்க் கேட்டேன். "சார், நான் என்ன தப்புச் செய்தேன்?"

"எந்தத் தப்பு?"

"தினமும் அந்த வார்த்தை சொல்கிறீர்களே."

அவர் கொஞ்ச நேரம் எந்த வார்த்தை என்றே தேடினார். கண்டுபிடித்ததும் சிரித்தார். "என் நாயையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ரவி. அது இதுவரை ராஜினாமா செய்யவில்லை."

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். மழையைத் திட்டினார், ஸ்பேனரைத் திட்டினார், தன் சொந்தக் காரைத் திட்டினார். எஃப்-இல் தொடங்கும் சொல் அவர் பேச்சில் சாம்பாரில் பெருங்காயம்போல எல்லாவற்றிலும் கரைந்திருந்தது. அதைவிட அதிசயம், தரை கழுவுகிற பெண்மணி கெவினைத் திருப்பித் திட்டினார். கெவின் ஒதுங்கி நின்று வழிவிட்டார். சித்தூர் ஃபேக்டரியில் நான் கண்ட கெட்ட வார்த்தை தண்ணீர்போல மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். முதலாளி மேஸ்திரியை, மேஸ்திரி எங்களை, நாங்கள் மாம்பழ லாரி டிரைவரை. கீழே இருக்கிறவன் அதையே திருப்பி மேலே ஏற்றினால் மறுநாள் வேலை இருக்காது. நாக்கில் இருப்பதல்ல, தரையின் சாய்வில் இருப்பதுதான் அவமரியாதையோ என்று எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

அந்தத் தண்ணீர் மேல்நோக்கி ஏறுகிற வாரம் ஒன்று எங்கள் பக்கத்திலும் உண்டு. திருப்பதி என்றதும் உங்களுக்கு மலைதான் தோன்றும். மலையடிவாரத்து ஊருக்குள் கெங்கம்மா இருக்கிறாள். மலைமேல் இருப்பவருக்குத் தங்கை. வெயில் காலத்தில் அவளுக்கு ஜாத்திரை நடக்கும்போது அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரும். அண்ணன் வீட்டில் வாயை அடக்க வேண்டும், தங்கை வீட்டில் திறக்க வேண்டும். வேண்டிக்கொண்டவர்கள் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, கையில் வேப்பங்கொத்தோடு தெருத்தெருவாகக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு போவார்கள். அன்றைக்குக் கூலிக்காரன் லாரி முதலாளியைத் திட்டலாம், லாரி முதலாளி கும்பிட்டுக்கொள்வார். திட்டு வாங்கினால் திருஷ்டி கழியும்.

சின்ன வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டேன் என்றிருந்தபோது, நான் பிழைத்தால் வருஷா வருஷம் வேஷம் போட்டுத் திட்டுவதாக நைனா வேண்டிக்கொண்டார். மாட்டைக்கூட 'வாடா கண்ணு' என்று கூப்பிடுகிற மனிதர். நான் உயிரோடு இருப்பதற்காகக் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டார். வேண்டுதல் என் பெயரில் இருந்ததால் முதல் திட்டு எனக்கு. கோவில் வாசலில் என்னை நிற்கவைத்து, வெட்கத்தோடு தலையைக் குனிந்து, "டேய் சோமாரி, நல்லா இருடா" என்பார். திட்டும் ஆசீர்வாதமும் ஒரே மூச்சில் வரும். பிறகு அவர் சட்டையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். நான் ஃபேக்டரியில் சேர்ந்த பிறகும் அரை நாள் லீவு போட்டு இதற்காகப் போயிருக்கிறேன்.

ஒரு வருஷம் கடைத்தெருவில் வரிசையாகத் திட்டிக்கொண்டே போனவர், களைப்பில் ஒரு வாழைப்பழக் கடையைத் தாண்டிவிட்டார். கடைக்காரர் இறங்கி ஓடிவந்து வழிமறித்தார்.

"இன்னா பெரியவரே, பக்கத்துக் கடைக்காரன அவ்ளோ நேரம் நின்னு திட்டின. என் கடையப் பாத்துக்கினே தாண்டிப் போற. நான் இன்னா பாவம் பண்ணேன்? மேமு மனுஷுலம் காதா? நாங்க மனுசங்க இல்லியா?"

"மறந்துட்டேன்பா. கோச்சிக்காத."

"அத்தெல்லாம் வேணா. திட்டிட்டுப் போ."

நைனா வானத்தைப் பார்த்து யோசித்தார். "டேய் எதவா, தராசுல கட்டவெரல வச்சி அமுக்குற பேமானி" என்றார். கடைக்காரர் முகம் மலர்ந்து ஒரு சீப்பு பழத்தை என் கையில் திணித்தார். "கரெக்டா சொல்ட்டாரு" என்று பக்கத்துக் கடைக்காரர் முணுமுணுத்தார். நைனா காலமான பிறகு அந்த வேண்டுதல் என் தம்பி முனிக்கு வந்தது. முனி என்னை அண்ணன் என்பானே தவிர, 'வா, போ'தான். கோவில் வாசலில் அவன் எனக்குக் கொடுத்த முதல் திட்டுகளில் நைனாவின் வெட்கம் கிடையாது; சொந்தச் சரக்கும் நிறைய இருந்தது.

இதையெல்லாம் யோசித்து நான் ஆஸ்திரேலியாவோடு ஒருமாதிரி சமாதானமாகிவிட்ட சமயத்தில்தான் பிடித்தது சனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெவின் வீட்டில் எங்களுக்கு விருந்து. மறுநாள் காலை வழக்கம்போல முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அறை விழவில்லை. "குட் மார்னிங், ரவி. வாரக்கடைசி இனிமையாகக் கழிந்ததா?" என்றார் கெவின்.

ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்க' வித்தியாசம் கிடையாது என்பார்கள். அன்றைக்கு அவர் குரலில் எனக்கு 'நீங்க' தெளிவாகக் கேட்டது. எங்கள் பக்கத்தில் மரியாதை வந்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். சித்தூரில் 'ஏம்ரா', என்னடா என்று தோளில் கைபோடுகிற சிநேகிதன் ஒருநாள் 'ரண்டி சார்', வாங்க சார் என்று நாற்காலி போட்டால், அவனோடு முடிந்தது. என் அம்மா நைனாவை, "துன்ன வரியா இல்லியா?" என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவாள். "சாப்பிட வாங்க" என்றால் நைனா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

மற்ற எல்லாரையும் கெவின் பழையபடி திட்டினார். என்னிடம் மட்டும் 'தயவுசெய்து', 'சிரமம் இல்லையென்றால்'. கோமளாவிடம் புலம்பினேன்.

"திட்டலன்னு எந்த ஆம்பளயாச்சும் அழுவானா?"

"உனக்குத் தெரியாது. மாப்பிள்ளகிட்ட பேசுறாப்பல பேசிக்கினு கீறாரு. இது வழியனுப்புற மரியாத."

"வூட்லதான் உனக்கு மரியாத இல்ல. அங்கயாச்சும் கெடைக்குதேன்னு சும்மா கெட."

சும்மா கிடக்கவில்லை. எப்படியாவது அவரிடம் ஒரு திட்டு வாங்கிவிட வேண்டும் என்று இறங்கினேன். அவர் கார் நிறுத்துகிற இடத்தில் என் காரை நிறுத்தினேன். அவர் காரை எங்கோ வெயிலில் விட்டுவிட்டு நடந்து வந்து, "நல்ல உடற்பயிற்சி" என்றார். அவருடைய கப்பில் டீ குடித்தேன். "அது என் கப் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, முடித்துவிடுங்கள்" என்றார். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அன்று மாலையே நான் வீட்டில் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. சீசன் உச்சத்தில் ஒருநாள் டின் நிரப்புகிற மெஷின் திக்கி நின்றது. நானும் கெவினும் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு இரும்புத் தகடு நழுவி அவர் பெருவிரலில் விழுந்தது. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். கெவின் என்னைப் பார்த்தார். முகம் கத்தரிக்காய் நிறமாயிற்று. "அடடா" என்ற பொருளில் ஏதோ குழந்தைகள் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வாரப் பயமும் திரண்டு, கையிலிருந்த ஸ்பேனரால் மெஷினைத் தட்டி, ஜாத்திரைப் பாஷையில் திட்டித் தீர்த்தேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். நைனா சொன்னது, முனி சொன்னது, இரண்டு பேரும் சொல்லத் துணியாதது.

"என்ன அது?" என்றார் கெவின்.

"பிரார்த்தனை. எங்கள் ஊரில் இது சாமிக்குச் செய்வது."

"எனக்கு அந்த ராகம் தெரியும்" என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விருந்தன்று கோமளா அவர் மனைவியிடம் ஊர்ப் பெருமை பேசியிருக்கிறாள்: நாங்கள் திருப்பதிப் பக்கம், உலகமே கும்பிட வருகிற புண்ணிய பூமி, மலையேறினால் ஒரு கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. அவர் மனைவி பதறிப்போய்விட்டார். இனி அந்தப் பாவப்பட்ட பக்திமான் முன்னால் வாயைத் திறக்காதே என்று கெவினிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

"ஐந்து வாரம், ரவி. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது."

"அப்படியானால் என் வேலை?"

"விருந்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைமை அலுவலகத்தில் கிடக்கிறது. உனக்கு யாரும் சொல்லவில்லையா?" சுற்றிலும் பார்த்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டு, "ப்ளடி பாஸ்டர்ட்" என்றார்.

ஒருவர் எனக்காகக் கெட்ட வார்த்தை பேசினார், இன்னொருவர் எனக்காகப் பேசாமல் இருந்தார். கெட்ட வார்த்தை கெட்ட நடத்தையா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இந்த இரண்டு பேர்தான் பதில். எது அதிக மரியாதை என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வேலை நிரந்தரமாயிற்று. லீவு கிடைப்பதெல்லாம் ஜாத்திரை முடிந்த பிறகு வருகிற ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில்தான் என்பதால் பல வருஷம் ஜாத்திரைக்குப் போக முடியவில்லை. போன வருஷம்தான் வாய்த்தது. முனி வேஷம் போடப் போய்விட்டதால், கோவில் வாசலில் நைனா என்னை நிற்கவைக்கிற அதே இடத்தில் நானாகவே போய் நின்றுகொண்டேன். திட்டுக்குத் தலைகூடக் குனிந்தாயிற்று. முனி உடம்பெல்லாம் குங்குமத்தோடு வந்தான். இடப்பக்கம் டீக்கடைக்காரரைத் திட்டினான். வலப்பக்கம் ஒரு போலீஸ்காரரைத் திட்டினான். அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். என் முன்னால் வந்து நின்றான். வேப்பங்கொத்தைத் தாழ்த்தினான்.

"வெயில்ல நிக்கிறீங்களேண்ணா. உங்களுக்கு ஒத்துக்காது. உள்ள போய் ஃபேன் கீழ உக்காருங்க" என்றான்.

பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரரைத் திட்டப் போய்விட்டான்.