பேரு சொல்லாமக் கெடச்ச ரூமு

எங்க ஊர்லருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ல முக்கா மணி நேரம். அவ்வளவு பக்கத்துல வீட்ட வச்சுக்கிட்டு, கோவில்பட்டி லாட்ஜில ரூம் போட்டுத் தங்கின மொத ஆளு எங்க ஊர்ல நானாத்தான் இருப்பேன். இன்னும் அதச் சொல்லிச் சிரிக்குதாங்க. சிரிக்கட்டும். மூணாங் கிளாஸ்ல பாதியில ஓடி வந்தவன் நான். எங்கிட்டச் சிரிக்கறதுக்கு அதவிட நல்ல விசயமெல்லாம் கெடக்கு.

எம் பொண்டாட்டிக்கு இடது கண்ணுல புரை. உளுந்தப் பொடைக்கையில எது கல்லு எது உளுந்துன்னு தெரியலன்னா. ஒங்க மூஞ்சி ரெண்டு ரெண்டாத் தெரியுது, ஒண்ணயே தாங்க முடியலன்னும் சொன்னா. சரி, இது முத்திட்டுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

காலையில ஆப்பரேஷன். மதியமே கண்ணுக்குக் கட்டுப் போட்டு, மேல ஒரு கறுப்புக் கண்ணாடிய மாட்டி அனுப்பிட்டாங்க. நர்ஸம்மா வரிசையாச் சொல்லுது. குனியக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. தண்ணி படக் கூடாது. தூசி ஆகவே ஆகாது. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கட்டு அவுக்க வந்திரணும்.

எங்க ஊரு பஸ்ல ஜன்னலுக்குக் கண்ணாடி கெடையாது. அது காத்து மாசம். கரிசல் புழுதியில, ஏறும்போது மாநிறமா இருக்கவன் இறங்கும்போது என் நிறத்துக்கு வந்திருவான். காலையில ஏழு மணிக்கு வந்து சேரவும் எங்க ஊர்லருந்து பஸ்ஸு கெடையாது.

கோவில்பட்டியிலயே அவ தங்கச்சி வீடு இருக்கு. மாடி வீடு. அவிய தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காங்க. அங்கன போவமான்னு கேட்டேன்.

"அங்கன போனா அரை மணி நேரத்துல அடுப்படியில நிப்பேன்"ன்னா. "நீ உக்காருக்கான்னு அவ வாயி சொல்லும், கையி பாத்திரத்த எம் பக்கம் தள்ளும். முப்பது வருசமா அப்படித்தான். இன்னைக்கு நான் குனிய மாட்டேன்."

"அப்ப எங்க போறது?"

ஒத்தக் கண்ணால பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பாத்து, "அங்கன"ன்னா.

அங்கன ஒரு லாட்ஜு. மூணு மாடி, லிப்டு கெடையாது. கீழ ஒரு டீக்கடை, ஒரு செல்போன் கடை. செவுத்துப் பெயிண்ட்ட மழ பாதி கழுவிட்டுப் போயிருக்கு. ஆனா இருக்கற எடம் இருக்கே, இறங்கினா டீ, ரோட்டத் தாண்டினா பஸ்ஸு, நாலு எட்டு வச்சா ஆஸ்பத்திரி. ராசா அரண்மனை கட்டினாலும் அந்த எடத்துல கட்ட முடியாது, ஏன்னா அங்கதான் லாட்ஜு இருக்கு.

மேனேஜர் அம்பது வயசு ஆளு. நெத்தி நெறய திருநீறு. ரெண்டு பேரு ஆதார் கார்டயும் வாங்கி மாத்தி மாத்திப் பாத்தாரு.

"அண்ணாச்சி, நீங்க கழுகுமலைப் பக்கம். இவிய கார்டுல கயத்தாறு பக்கம் போட்டிருக்கு. உங்க பேரு இதுல இல்லியே."

"அதுல இருக்கது எம் மாமனாரு பேரு. இவ அம்மாவப் பாக்கப் பொறந்த ஊர்ல போயி இருந்தப்ப எடுத்த கார்டு. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தன நாளா?"

"ஏழெட்டு வருசமா."

மேனேஜர் கார்ட மேசையில வச்சாரு. "தப்பா நெனைக்காதீங்க. சுத்துப்பட்டி ஜோடிக்கு ரூம் கொடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

"ஜோடியா? அண்ணாச்சி, என்னையப் பாரும். மேல நாலு பல்லக் காணோம். அவளுக்கு ஒரு கண்ணுல கட்டு. நாங்க வீட்ட விட்டு ஓடிப்போகணும்னா இந்த ரோட்டத் தாண்டுததுக்கே யாராவது கையப் பிடிக்கணும்."

மேனேஜர் சிரிச்சாரு. சாவியத் தரல. கொஞ்சம் எரக்கப்பட்டு எம் பொண்டாட்டியப் பாத்து, "சரிம்மா, உங்க வீட்டுக்காரர் பேர மட்டும் சொல்லுங்க. அவரு கார்டுல இருக்கதும் நீங்க சொல்லுததும் ஒண்ணா இருந்தா போதும், மேல போயிருங்க"ன்னாரு.

அப்பாடா, சோலி முடிஞ்சிட்டுன்னு பையத் தூக்கிட்டேன். அப்புறந்தான் வெளங்குச்சு. நாப்பது வருசமா அவ எம் பேரச் சொன்னதே கெடையாது. புருசன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஏங்க, இந்தா, கூப்பிடுதேன்ல, காது அவிஞ்சு போச்சா, இதெல்லாந்தான் வீட்டுல எம் பேரு. ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிற பொம்பளையச் சொல்லச் சொல்லுவா.

"அத நான் சொல்ல மாட்டேன் தம்பி"ன்னா.

"ஏன், தெரியாதாம்மா?"

"தெரியாமயா இத்தன வருசம் சோறு போட்டேன்?"

"ஏட்டி, ஒரு தடவ சொல்லிரு. ஆயுசு கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது"ன்னேன். ரூமுக்காக மட்டும் சொல்லல. அந்த வாயிலருந்து எம் பேரு வந்தா எப்படி இருக்கும்னு எனக்கும் ஒரு ஆசை. வெக்கங்கெட்ட ஆசைதான்.

அவ நேராப் போயி வாசலப் பாத்த பெஞ்சில உக்காந்துட்டா. "சாவி தந்தா மேல போறேன். இல்லன்னா இங்கனயே இருப்பேன். நாளைக்கு ஏழு மணிக்கு எந்திரிப்பேன். புழுதியில வீட்டுக்கும் போக மாட்டேன், தங்கச்சி வீட்டுக்கும் போக மாட்டேன், அந்தப் பேரயும் சொல்ல மாட்டேன்."

ஒரு மணி நேரம் அசையல. பெட்டியோட ரூம் கேட்டு வந்த ரெண்டு பேரு, கறுப்புக் கண்ணாடி போட்டு நிமிந்து இருந்தவளப் பாத்துட்டு, ஏதோ ரெய்டுன்னு நெனச்சு மெதுவா இறங்கிப் போயிட்டாங்க. மேனேஜருக்கு வேர்த்துட்டு. நான் மூணு டீ வாங்கியாந்தேன். எதிரிக்கும் டீ கொடுக்கணும்ல.

டீயக் குடிச்சுட்டு அவ கேட்டா, "தம்பி, ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. ரெண்டு பிள்ளைக. வீடு கடம்பூர்ல."

"போனப் போடு. ஒம் பொண்டாட்டிய ஒம் பேரச் சொல்லச் சொல்லு. அவ சொன்னா நானும் சொல்லுதேன்."

"எம் பொண்டாட்டி டிகிரி படிச்சவம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே போன்ல ஸ்பீக்கரப் போட்டாரு. அந்தப் பக்கம் மிக்சி ஓடுத சத்தம்.

"ஏட்டி, எம் பேரு என்ன?"

மிக்சி நின்னுட்டு. "என்னது?"

"எம் பேரச் சொல்லுன்னேன். ஒரு தடவ."

"ஏங்க, தலை சுத்துதா? மதியம் சாப்பிட்டீங்களா?"

"எனக்கொண்ணும் இல்ல. பேர மட்டும் சொல்லு."

"அசையாம அங்கனயே உக்காருங்க. உங்க தம்பிய பைக்ல அனுப்புதேன்." போனு கட்டாயிட்டு.

மேனேஜர் திரும்பக் கூப்பிட்டு, எனக்கு வலிப்பெல்லாம் வரலட்டி, வாயும் கோணலன்னு சொல்லிப் புரியவைக்க அஞ்சு நிமிசம் ஆச்சு. தம்பி பைக்க எடுத்துட்டாராம், அவரத் தடுக்க இன்னொரு போனு. அப்புறம் யார் மூஞ்சியயும் பாக்காம ரிஜிஸ்டரத் திறந்து எழுதினாரு. சாவிய அவ கையிலதான் கொடுத்தாரு, எங்கிட்ட இல்ல.

ரெண்டாவது மாடி. கட்டிலு, ரோஸ் கலர் வாளி, ரப்பர் பேண்டு சுத்துன டிவி ரிமோட்டு. ஜன்னலத் திறந்தா பஸ் ஸ்டாண்டு முழுசும் தெரியுது. அவ மல்லாக்கப் படுத்தா. வெயில் நேரத்துல அவ படுத்து நான் பாத்ததே இல்ல. கீழ கண்டக்டர் கழுகுமலை, கழுகுமலைன்னு கூப்பிடுதாரு. "கூப்பிடட்டும்"ன்னா.

தங்கச்சி போன் பண்ணிட்டா. "வீடு இருக்கையில லாட்ஜிலயாக்கா தங்குவ? ஊரு என்ன நெனைக்கும்?"

"ஊரு நெனைக்கும்போது நான் தூங்கிட்டிருப்பேன்"ன்னு சொல்லி, போன எங்கிட்டத் தந்துட்டுக் கண்ண மூடிக்கிட்டா. மூடாத கண்ணு அவளுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு, அதயும்.

காலையில கட்ட அவுத்தாங்க. நல்லாருக்கு, அடுத்து வலது கண்ணுக்கும் பண்ணிரணும்னு டாக்டர் சொன்னாரு. சாவி கொடுக்க லாட்ஜுக்கு வந்தோம். மேனேஜர் ரிஜிஸ்டரத் திருப்பி வச்சாரு. எனக்கு அதுல எழுத்தெல்லாம் எறும்பு. அவ அஞ்சாங் கிளாஸ் படிச்சவ. புதுக் கண்ணால ஒவ்வொரு வரியாத் தேடி, ஒரு எடத்துல வெரல வச்சா. ஒதடு மட்டும் அசஞ்சுது. நான் காத நீட்டிட்டு நிக்கேன். ஒரு சத்தமும் வரல.

"இந்த ஆளு ரூமக் காலி பண்ணியாச்சுன்னு எழுதிக்கிடுங்க தம்பி"ன்னா. "வலது கண்ணுக்கும் இந்த ரூமுக்குத்தான் வருவோம்."

மேனேஜர் தலையாட்டினாரு. எம் பேரு மேல வச்ச வெரல அவ எடுக்கற வரைக்கும், நான் பையக் கீழ வச்சுட்டு அந்த வெரலயே பாத்துட்டு நின்னேன்.