ஸ்டெல்லா டீச்சரின் கையெழுத்து

கடந்த திங்கட்கிழமை காலை பள்ளி வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா டீச்சரின் தங்கை போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க டீச்சர்." பதிவேட்டில் என் பெயருக்கு மேல் வரிசை அவருடையது. இரண்டு மாதமாக அந்தக் கட்டங்களில் மருத்துவ விடுப்பு என்றுதான் எழுதியிருக்கிறது.

வரதராஜன்பேட்டைக்காரரான அவர் ஜெயங்கொண்டம் அருகே உள்ள எங்கள் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் கணக்கு நடத்தினார். அவருக்கு வெகுநாளாக முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டுகளையே எதிரியென்று தாக்கும் நோய் அது. வீங்கிய விரல்களோடு சாக்பீஸ் பிடிப்பார். கேட்டால், "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார். அவர் கையெழுத்துக்கு நீண்ட வால் உண்டு. பக்கத்துக் கட்டம் வரை போகும். தலைமையாசிரியர் எத்தனை முறை கடிந்துகொண்டும் அது குறையவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய நுரையீரலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. திருச்சி மருத்துவர் இம்யூனோதெரபி கொடுக்கலாம் என்றார். "இந்த மருந்து எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும்மா. புற்றுநோயோட உங்க மூட்டுகளையும் சேர்த்துத் தாக்கலாம். வலி கூடினா உடனே சொல்லணும்" என்று எச்சரித்தார். டீச்சர் சிரித்தார்.

"கட்டிப்போட்ட நாயை அவுத்து விடுறீங்க. திருடனைக் கடிச்சாப் போதும் சார், வூட்டுக்காரியைக் கடிச்சாலும் பொறுத்துக்குவேன்."

பொறுத்துக்கொண்டார். அதுதான் தவறு. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வலியை மறைத்தார். பதிவேடு மறைக்கவில்லை. மூன்றாம் முறை மருந்து ஏற்றியபின் வால் சுருங்கியது, பிறகு காணாமல் போனது. கடைசியில் முதலெழுத்து மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை நானும் அவரோடு திருச்சிக்குப் போனேன்.

"விரல் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாயிருக்குங்க சார்."

நான் போனை மருத்துவரின் மேசைமேல் வைத்தேன்.

மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர், "காட்டிக் கொடுத்துட்டீங்களே டீச்சர்" என்றார். அவர் உயிரோடு விளையாடிவிட்டேனோ என்று அந்த வாரங்களில் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். வீக்கம் அடங்கியதும் மருத்துவர் மருந்தை மறுபடி தொடங்கினார். ஒருநாள் காலையில் டீச்சர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "பாருங்க, வால் முளைச்சிருச்சு."

அதன்பின் இரண்டு பத்தாம் வகுப்புகளைத் தேர்வுக்கு அனுப்பினார். இந்த ஆண்டு புற்றுநோய் மறுபடி தலைதூக்கியபோது எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை.

வரதராஜன்பேட்டை வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வளைந்த விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தேன்.

டீச்சர், வலி ஒன்றுமில்லை என்று இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இன்று நம்புகிறேன். போய் வாருங்கள்.