மஞ்சள் வரி இலை

பச்சமார்க்கா மலையூரில் விதைக்கிழங்கைச் சோதிப்பவர் எலெயுத்தேரியோ. உருளைக்கிழங்குச் செடியின் இலையைக் கசக்கி, அந்தச் சாற்றில் காகிதப் பட்டையை நிறுத்துவார். ஒரு கோடு தெரிந்தால் நல்ல செடி. இரண்டு தெரிந்தால் வைரஸ்.

ஊரார் வயல்களையெல்லாம் சோதித்தவர், தன் வயலில் இருந்த நாற்பத்து மூன்று செடிகளைப் பதினோரு வருடமாகச் சோதித்ததில்லை. அத்தனை வருடம் முன்பு மனைவி சதுர்னினா, தலைநகர் லிமாவுக்கு வேலைக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் இத விட்டுடாதீங்க" என்று தன் பிறந்த வீட்டு ஊதாக் கிழங்கைக் கொடுத்திருந்தாள். வருடா வருடம் அதிலிருந்தே நட்டு வந்த செடிகள்தான் அவை. அதன் இலைகளில் பிறகு ஓடிய மஞ்சள் வரிகளை அந்த ரகத்தின் அழகு என்றே அவர் நம்பினார்.

பக்கத்து வயல் பசீலியாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, எங்க செடின்னா உடனே பிடுங்கச் சொல்றீங்க. உங்க பொண்டாட்டி செடிக்கு மட்டும் காய்ச்சலே வராதா? அதுல உக்கார்ற பூச்சி நாளைக்கு என் வயலுக்குத்தானே வரும்?"

சோதித்தார். இரண்டு கோடு. ஒரு செடியைக்கூட விட்டுவைக்காமல் பிடுங்கினார். அன்று மாலையே லிமாவிலிருந்த மனைவியிடம் தொலைபேசியில் பேசினார்.

"உன் கிழங்கு போயிடுச்சு. நோய். நான்தான் பிடுங்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். உன் பொறந்த ஊர்ல நல்ல விதை இருக்கும். ஆனா அங்க இருக்குற ஊதாவுல எது உங்க வீட்டு ஊதான்னு உனக்குத்தானே தெரியும். ஒரு தடவ வந்து எடுத்துக் குடேன்."

"விதைப்பு எப்போ?" என்றாள்.

"அக்டோபர்ல," என்றவர், அவசரமாகச் சேர்த்தார்: "நீ முன்னாடியே வந்தாலும் நல்லதுதான்."